இதயத்தின் எழுத்தும் எங்கள் தமிழும்

இடம்பெயர்ந்து அலைந்த ஆண்டுகள் நீங்கலாகத் தம் வாழ்நாள் முழுவதையும் தெல்லிப்பழைச் செம்மண்ணிலே கழித்தவர் எம் தாய்மாமன். ஒருநாட் காலை, வெங்காயத் தோட்டத்துக்கு நீர் இறைத்துக்கொண்டிருந்தவர் வாய்க்கால் வரம்பிலே மயங்கி வீழ்ந்தார். சில நொடிகளில் தாமாகவே எழுந்தார். பித்தம் என்றார் அயலவர். தேசிக்காய்த் தண்ணீரும் நிழலும் போதும் என்றோம் நாம். இரண்டு மாதங்களின் பின் கோயில் வீதியிலே மீண்டும் வீழ்ந்தார். அப்போதும் பித்தமே பழி சுமந்தது. மூன்றாம் முறை வீழ்ந்தபோது நெற்றி உடைந்தது. நெற்றிக் காயத்துக்கு மருந்து கட்டவே ஆசுப்பத்திரிக்குப் போனோம், இதயத்துக்காகப் போகவில்லை.

அங்கே அவருடைய மார்பிலும் கைகால்களிலும் கம்பிகளைப் பொருத்தி, இளஞ்சிவப்புக் கட்டமிட்ட தாளொன்றிலே கோடு வரைந்தார்கள். ஈ.சி.ஜி. எனப்படும் மின்னிதயவரைபு அது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கிலே நெடுநேரம் இருந்தோம். பல்கலைக்கழகத்திலே தமிழ் பயின்று, சங்கச் செய்யுளுக்கும் கல்வெட்டுக்கும் பொருள் காணப் பழகிய எமக்கு, எம் குடும்பத்து முதியவரின் உயிர் எழுதிய அந்த ஒற்றை வரியைப் படிக்கத் தெரியவில்லை.

அன்றிரவு கடமையில் இருந்த தாதி ஒருகாலத்தில் எம் மாணவி. அவரே விரல் வைத்துக் காட்டினார். "சேர், இதைப் பாருங்கோ. மேல்வீடு தன்பாட்டிலை அடிக்குது. கீழ்வீடு தன்பாட்டிலை அடிக்குது. ரெண்டுக்கும் கதைபேச்சு இல்லை" என்றார்.

முப்பது ஆண்டு மருத்துவ நூல் எழுதியவரும் இதனினும் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. அந்த வாக்கியத்திலிருந்தே நாம் இதயத்தின் எழுத்தைக் கற்கத் தொடங்கினோம். கற்கக் கற்க, அந்த எழுத்தின் வரலாறும் எம் ஊரின் வரலாறும் ஓரிடத்தில் மிக நெருங்கி வந்து, பின்பு விலகிப்போனமை புலனாயிற்று. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விரலிலிருந்து கருவிக்கு

இதயத்தின் நடையைப் படிக்க மனிதன் முதலிற் பயன்படுத்திய கருவி அவன் விரலே. நம் சித்த மருத்துவர் மணிக்கட்டின் மேல் மூன்று விரல்களை வைத்து, சுட்டுவிரலில் வாதத்தையும் நடுவிரலிற் பித்தத்தையும் மோதிரவிரலில் ஐயத்தையும் உணர்ந்தனர். வாதநாடி அன்னமும் கோழியும் மயிலும் போல நடக்கும் என்றும், பித்தநாடி ஆமையும் அட்டையும் போல ஊரும் என்றும், ஐயநாடி தவளையும் பாம்பும் போலச் செல்லும் என்றும் வகுத்தனர். அவற்றுக்கு ஒன்று, அரை, கால் என மாத்திரைக் கணக்கும் கூறினர். எழுத்தின் ஒலிக்கு நாம் வகுப்பிலே சொல்லிக்கொடுக்கும் அதே மாத்திரைதான். இதயத்தின் நடையைக் காலத்தால் அளக்கலாம் என்ற எண்ணம் நம்மவர்க்குப் புதிதன்று.

ஐரோப்பிய மருத்துவரும் நெடுங்காலம் விரலையே நம்பினர். மயங்கி வீழ்பவர் சிலரின் நாடி மிக மெதுவாக இருப்பதை டப்ளின் நகரத்து ரொபேட் அடம்ஸ் 1827இலும், வில்லியம் ஸ்டோக்ஸ் 1846இலும் எடுத்துரைத்தனர். எம் மாமனுக்கு வந்த நோயே அது. விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணியிருந்தால் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே அதனை ஐயுற்றிருக்கலாம். எண்ணுவார் இல்லாமையே குறை.

இங்கிலாந்தில் பேர்ண்லி என்பது நெசவாலைத் தொழிலாளர் நிறைந்த நகரம். அங்கே சாதாரண வைத்தியராக இருந்த ஜேம்ஸ் மக்கென்சி, மணிக்கட்டு நாடியையும் கழுத்து நாளத்தின் அசைவையும் ஒருசேரத் தாளில் வரையும் கருவியொன்றை அமைத்தார். பல ஆண்டுகளாகத் தாம் கவனித்து வந்த நோயாளி ஒருவரின் நாடி 1898இலே திடீரென ஒழுங்கு குலைந்ததையும், கழுத்து அலையிலே மேலறையின் துடிப்புக்குரிய பகுதி மறைந்துவிட்டதையும் அவர் கண்டார். மேலறை செயலிழந்தது என ஊகித்தார். ஆயினும் காரணம் தெளிவாகவில்லை. விரலும் நாடியும் சொல்லக்கூடியது அவ்வளவே. அதற்கு அப்பாற் செல்ல, இதயத்தின் மின்னோட்டத்தையே எழுதுவிக்க வேண்டியிருந்தது.

மனித இதயத்தின் மின்னோட்டத்தை முதன்முதலில் பதிந்து காட்டியவர் இலண்டன் சென் மேரி ஆசுப்பத்திரியைச் சேர்ந்த அகஸ்ரஸ் வாலர். ஆண்டு 1887. இரசம் நிரப்பிய நுண்குழாயின் அசைவைக்கொண்டு அவர் அதனைப் பதிந்தார். பதிவு மங்கலானது. இக்கருவி ஆசுப்பத்திரிகளில் பெரிதாகப் பயன்படும் என அவரே பின்னரும் நம்பவில்லை.

அதனைப் பயன்படுமாறு செய்தவர் வில்லம் ஐந்தோவன். டச்சுக்காரர் ஆண்ட யாவாத் தீவின் செமாராங் நகரிலே 1860இற் பிறந்து, ஒல்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்திலே பேராசிரியரானவர். உருகிய படிகக்கல்லை அம்பிலே தொடுத்து எய்து, மயிரினும் மெல்லிய இழையாக்கி, வெள்ளி பூசி, வலிய காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே அதனைத் தொங்கவிட்டார். இதயத்தின் சிறு மின்னோட்டம் பாயும்போது இழை அசையும். அதன் நிழல் ஒளிப்படத் தகட்டிலே கோடாக விழும். 1901இல் இக்கருவியை முதலில் அறிவித்து, 1903இல் விரிவாக விளக்கினார். அது ஏறத்தாழ 270 கிலோ எடையுள்ளது. இரண்டு அறைகளை அடைத்தது. ஐவர் நின்று இயக்க வேண்டியது. நோயாளி கைகளையும் காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களிலே வைத்துக்கொண்டிருப்பார். கருவியை நோயாளியிடம் கொண்டுசெல்ல முடியாமையால், 1905இல் ஒன்றரைக் கிலோமீற்றர் தூரத்திலிருந்த ஆசுப்பத்திரியிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக நோயாளியின் இதயத் துடிப்பைத் தம் ஆய்வுகூடத்துக்கு வரவழைத்தார். 1924இல் நோபல் பரிசு அவரைச் சேர்ந்தது.

கோட்டிலே தோன்றும் மேடுபள்ளங்களுக்குப் பெயரிட்டவரும் அவரே. முன்னைய கருவியில் நேரே கிடைத்த வளைவுக்கு ஏ, பீ, சீ, டீ எனப் பெயரிருந்தது. கணக்கிட்டுத் திருத்திய வளைவை அதனின்று வேறுபடுத்த ஆங்கில நெடுங்கணக்கின் நடுவிலிருந்து பீ, கியூ, ஆர், எஸ், ரீ என்னும் ஐந்து எழுத்துகளை எடுத்துக்கொண்டார். இன்று உலகெங்கும் வழங்குவன அவையே.

அவ்வெழுத்துகளின் பொருளை உடற்கூற்றறிஞர் தந்தனர். ஜேர்மனியிலே ஆய்ந்த யப்பானியர் சுனாவோ தவாரா 1906இலே மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையிலுள்ள கணுவை விளக்கினார். ஆதர் கீத்தும், அப்போது மாணவராக இருந்த மார்ட்டின் பிளாக்கும் 1907இலே துடிப்பு பிறக்கும் கணுவை எடுத்துக்காட்டினர். நம் பாடநூல்கள் அதனைக் குடாச்சோணைக்கணு என்கின்றன. 1909இல் இலண்டனிலே தோமஸ் லூயிஸ், மக்கென்சி பதினோராண்டு முன்பு கண்ட ஒழுங்கற்ற நாடியின் காரணத்தைத் தெளிவுபடுத்தினார். மேலறை செயலிழக்கவில்லை, ஒருமித்துச் சுருங்காமல், நூறு சிறு நடுக்கங்களாகச் சிதறியிருந்தது. வியன்னா அறிஞரும் அதே ஆண்டிலே அதே முடிவுக்கு வந்தனர். நெசவாலை நகரத்து வைத்தியர் விரலும் மையும் கொண்டு எழுப்பிய வினாவுக்கு மின்னிழை விடை தந்தது.

ஐந்து வினாக்கள்

இவ்வெழுத்து கற்பதற்கு அரிது எனப் பலர் எண்ணுகின்றனர். அதன் ஆழம் அரிதுதான். அதன் அரிச்சுவடியோ ஒரு பள்ளி மாணவனுக்கு எட்டக்கூடியது. நாம் கற்ற முறையிலேயே அதனை இங்கே தருகின்றோம்.

முதலில் தாள். அது ஒரு நொடியில் 25 மில்லிமீற்றர் ஓடுகிறது. எனவே சிறு கட்டம் ஒன்று 0.04 நொடி; ஐந்து சிறு கட்டம் சேர்ந்த பெருங்கட்டம் 0.2 நொடி, ஐந்து பெருங்கட்டம் ஒரு நொடி. இடமிருந்து வலமாகச் செல்வது காலம். மேலும் கீழும் செல்வது மின்னழுத்தம்.

அடுத்து எழுத்துகள். குடாச்சோணைக்கணுவிலே பிறந்த மின்தூண்டல் மேலறைகளான சோணைகளிலே பரவும்போது எழும் சிறு மேடு, பீ. இடைக்கணுவிலே தூண்டல் சற்றுத் தயங்கும்போது கோடு தட்டையாக நிற்கும். அத்தயக்கம் வீணன்று, மேலறையின் குருதி கீழறையை நிரப்புவதற்கான நேரம் அது. பின்னர்த் தூண்டல் கீழறைகளான இதயவறைகளிலே விரைந்து பரவும்போது எழும் கூர்ங்கோபுரம், கியூ, ஆர், எஸ். இதயவறைகள் மீண்டும் மின்நிலை பெறும்போது எழும் அகன்ற மேடு, ரீ. ஒரு துடிப்பின் முழு வாக்கியம் இதுவே.

இனி, தாளை நோக்கி ஐந்து வினாக்களைக் கேட்க வேண்டும்.

கோபுரங்கள் சம தூரத்தில் நிற்கின்றனவா என்பது முதல் வினா. ஒரு தாள் விளிம்பிலே இரண்டு கோபுரங்களின் இடைவெளியைப் புள்ளியிட்டு, அதனை அடுத்தடுத்து நகர்த்திப் பார்த்தால் விடை கிடைக்கும். எவ்வகை ஒழுங்கும் இன்றிச் சிதறி நின்று, பீ மேடும் காணாவிட்டால், லூயிஸ் கண்ட சோணை நடுக்கம் என ஐயுற வேண்டும்.

வேகம் எவ்வளவு என்பது இரண்டாம் வினா. கோபுரங்கள் ஒழுங்காக நின்றால், இரண்டுக்கு இடையிலுள்ள பெருங்கட்டங்களின் தொகையால் 300ஐ வகுத்தாற் போதும். ஐந்து கட்டமெனில் நிமிடத்துக்கு 60, மூன்றெனில் 100. ஓய்ந்திருக்கும் வளர்ந்தவர் ஒருவருக்கு வழக்கமான எல்லை இவையிரண்டும். ஒழுங்கற்ற துடிப்பாயின் முப்பது பெருங்கட்டங்களுக்குள், அதாவது ஆறு நொடிக்குள், எத்தனை கோபுரம் என எண்ணிப் பத்தாற் பெருக்க வேண்டும்.

ஒவ்வொரு கோபுரத்துக்கும் முன்னே ஒரு பீ உண்டா, ஒவ்வொரு பீக்கும் பின்னே ஒரு கோபுரம் உண்டா என்பது மூன்றாம் வினா. மேலறைக்கும் கீழறைக்கும் உறவு நிலைத்திருக்கிறதா என்பதையே இது வினாவுகிறது.

பீ தொடங்குவதிலிருந்து கோபுரம் தொடங்கும்வரை உள்ள இடைவெளி எவ்வளவு என்பது நான்காம் வினா. மூன்று முதல் ஐந்து சிறு கட்டம் வரை இயல்பு. அதனினும் மிகுந்து, ஆனால் மாறாமல் இருப்பின், தூண்டல் கணுவிலே தாமதிக்கிறது என்பது பொருள். சிலரிடம் அவ்விடைவெளி துடிப்புக்குத் துடிப்பு நீண்டு, ஈற்றில் ஒரு கோபுரமே விடுபட்டுப்போய், மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஒல்லாந்தரான வெங்கெபாக் இதனை 1899இல், மின்னிழைக் கருவி பிறக்குமுன்னரே, நாடியின் நடையிலிருந்தே உய்த்துணர்ந்தார் என்பது வியப்புக்குரியது.

கோபுரம் ஒடுங்கியதா அகன்றதா என்பது ஐந்தாம் வினா. மூன்று சிறு கட்டத்துக்கு உட்பட்டதெனில், தூண்டல் உரிய பாதையாலே வந்தது. அகன்றதெனில், பாதையிலே தடையுண்டு, அல்லது துடிப்பு கீழறையிலேயே பிறந்தது. அகன்ற கோபுரங்கள் விரைவாக அடுக்கடுக்காக எழுந்தால் அது ஆபத்தின் அறிகுறி. கோபுரமே இல்லாமல் கோடு முழுவதும் ஒழுங்கற்று நடுங்கினால், இதயவறை குருதியை வெளியேற்றவில்லை. அங்கே நிமிடங்களே எஞ்சியுள்ளன.

எம் மாமனின் தாளிலே கோபுரங்கள் எட்டுப் பெருங்கட்டத்துக்கு ஒன்றாக, ஒழுங்காகவே நின்றன. 300ஐ எட்டால் வகுத்தால் ஏறத்தாழ 38. பீ மேடுகளோ நான்கு பெருங்கட்டத்துக்கு ஒன்று, நிமிடத்துக்கு 75. அவற்றுட் சில கோபுரத்தின் முன் நின்றன. சில ரீயின் மேல் ஏறி நின்றன. சில கோபுரத்துக்குள்ளேயே மறைந்தன. இரண்டு வரிசையும் தத்தம் ஒழுங்கிலே சென்றன. ஒன்றோடொன்று தொடர்பே இல்லை. மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் கதைபேச்சு இல்லை என்று எம் மாணவி சொன்னது இதைத்தான். முழுமையான இதயத் தடை இது. 1958இல் ஸ்ரொக்கோம் நகரிலே முதன்முதலாக மனித உடலுள் பொருத்தப்பட்ட துடிப்புக் கருவி இத்தகைய நோயாளி ஒருவருக்காகவே செய்யப்பட்டது. அவர் அதன்பின் நாற்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். எம் மாமனுக்கும் அத்தகைய கருவி பொருத்தப்பட்டது. இப்போது தோட்டத்துக்குப் போகிறார்.

ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. இந்த ஐந்து வினாக்கள் வைத்தியரை வேண்டாம் என்று சொல்வதற்காக அல்ல. மாரடைப்பு நேர்ந்தவரின் முதல் வரைபு இயல்பாகத் தோன்றுவதும் உண்டு. மீண்டும் மீண்டும் வரைந்து பார்க்க நேரும். அரைகுறை அறிவு தைரியம் தருமாயின் அது கேடு. ஐயம் தந்து விரையச் செய்யுமாயின் அதுவே காப்பு.

தெல்லிப்பழையிலிருந்து மானிப்பாய்வரை

இனி எம் ஊருக்கு வருவோம்.

அமெரிக்க மிசனைச் சேர்ந்த டானியல் பூவர் 1816இல் வந்து தங்கிப் பணி தொடங்கிய இடம் தெல்லிப்பழை. அவ்வாண்டிலேயே இங்கே பாடசாலை ஒன்று தோன்றிற்று. அதன் வழிவந்ததே இன்றைய யூனியன் கல்லூரி. 1819இல் இலங்கை வந்த வைத்தியர் யோன் ஸ்கடர், அடுத்த ஆண்டு தொடக்கம் அயலூரான பண்டத்தரிப்பிலே மருத்துவப் பணி புரிந்தார். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் இவருடைய பேர்த்தி. இவ்விருவரின் வழியிலே 1847இல் வந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

கிறீன் 1848இலே மானிப்பாயில் மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திலேதான் கற்பித்தார். அனுபவம் அவரை மாற்றிற்று. ஆங்கிலத்திற் கற்றவர் அரசாங்க உத்தியோகம் நாடி ஊரைவிட்டுப் போய்விடுவர். தமிழிற் கற்றவர் ஊரிலே நின்று ஊரவருக்குப் பணி செய்வர் என்று அவர் கண்டார். 1860களிலே கற்பித்தலைத் தமிழுக்கு மாற்றினார். 60க்கு மேற்பட்ட வைத்தியரை அவர் பயிற்றினார். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலேயே முழுமையாகக் கற்றவர்.

கற்பிக்க நூல் வேண்டுமே? டான்போர்த், சப்மன் முதலிய தம் தமிழ் மாணாக்கரின் துணையோடு அவர் நூல்களைத் தமிழாக்கினார். மகப்பேற்று மருத்துவம் 1857இலும், இரணவைத்தியம் 1867இலும் வெளிவந்தன. மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் 1872இல் வெளிவந்தன. மனுஷ அங்காதிபாதம், 1858இல் இலண்டனில் முதன்முதல் வெளிவந்த கிரே என்பாரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலின் தமிழ் வடிவம். பதினான்கு ஆண்டு இடைவெளியில், அச்சுக்கூடம் ஒன்றும் மாணாக்கர் சிலரும் மட்டுமே துணையாக, உலகின் தலைசிறந்த உடற்கூற்று நூல் யாழ்ப்பாணத்துத் தமிழிலே கிடைத்துவிட்டது. கலைச்சொல் ஆக்கத்திலும் அவர் தெளிவான நெறி வைத்திருந்தார். முதலில் தமிழிலே தேடுக. இல்லையேல் வடமொழியிலே தேடுக. அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலியில் எழுதுக. கெமிஸ்தம் என்ற நூற்பெயர் இம்மூன்றாம் விதியின் விளைவு.

கிறீனை நாம் தெய்வமாக்க வேண்டியதில்லை. அவர் மதம் பரப்ப வந்தவர். அதனை அவர் மறைத்ததுமில்லை. நம் நாட்டு மருத்துவத்தை அவர் உரியவாறு மதித்தார் எனவும் சொல்ல முடியாது. யாழ்ப்பாண அரசர் காலத்திலே தொகுக்கப்பெற்ற செகராசசேகரம், பரராசசேகரம் போன்ற மருத்துவ நூல்கள் ஏடுகளிலே உறங்கின. பரராசசேகரத்தை அச்சிலேற்ற அயலூராகிய ஏழாலையைச் சேர்ந்த ஐ. பொன்னையா இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே முன்வரவேண்டியிருந்தது. மரபு மருத்துவம் பரம்பரைக்குள் அடைபட்டுக் கிடந்தது. மேலை மருத்துவம் ஆங்கிலத்துக்குள் அடைபட்டு வந்தது. இவ்விரண்டு வேலிகளுள் ஒன்றையேனும் உடைத்தவர் கிறீன் என்பதே அவருக்குரிய பெருமை.

1873இலே அவர் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ்ப் படிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். உடலின் தொழிற்பாட்டை விளக்கும் மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார்.

இங்கேதான் வாசகர் சற்று நின்று ஆண்டுகளை ஒப்பிட வேண்டும். தமிழிலே உடற்றொழில் நூல் 1883. வாலர் இலண்டனிலே மனித இதயத்தின் மின்னெழுத்தைப் பதிந்தது 1887. இடைவெளி நான்கே ஆண்டு! அன்று தமிழ் மருத்துவக் கல்வி உலக அறிவின் முன்வாயிலுக்கு அவ்வளவு அண்மையில் நின்றது. ஆனால் அந்த நான்கு ஆண்டு தூரத்தை அது கடக்கவேயில்லை. கொழும்பிலே 1870இல் தோன்றிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திலேயே கற்பித்தது. உத்தியோகமும் ஊதியமும் மதிப்பும் அந்தப் பக்கமே இருந்தன. கிறீன் சென்ற சில ஆண்டுகளில் மானிப்பாயின் தமிழ் வகுப்பு மங்கி மறைந்தது. தமிழுக்கு ஆற்றல் இல்லாமற் போனதால் அது மறையவில்லை. தமிழிற் கற்றவனுக்குச் சோறு போட எவரும் இல்லாமற் போனதால் மறைந்தது. பீ, கியூ, ஆர், எஸ், ரீ பிறந்தபோது அவற்றை வரவேற்று விளக்கத் தமிழில் வகுப்பும் இல்லை, நூலும் இல்லை.

பள்ளிக்கும் படுக்கைக்கும் இடையில்

அத்துடன் கதை முடிந்ததா எனின், இல்லை. 1950களிலும் 1960களிலும் இந்நாட்டிலே அறிவியற் கல்வி தாய்மொழிக்கு வந்தது. அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. சோணை, இதயவறை, கணு என்னும் சொற்கள் யாவும் இன்று எம் பாடசாலையின் உயிரியல் மாணவர்க்குப் பழக்கமானவை. உயர்தர வகுப்புப் பிள்ளை இதயம் துடிக்கும் விதத்தைத் தமிழிலே எழுதிப் புள்ளி பெறுகிறது. 1978இலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே மருத்துவ பீடமும் தோன்றிவிட்டது. ஆனால் அதன் வாயிலைத் தாண்டியதும் மொழி மாறுகிறது. சொற்கள் பள்ளியிலேயே தங்கிவிடுகின்றன. நோயாளியின் படுக்கைவரை அவை வருவதில்லை.

உலகப் பொதுவான மொழியிலே வைத்தியர் கற்பதை நாம் குறைகூறவில்லை. ஐந்தோவனின் கட்டுரைகளும் பல மொழிகளைக் கடந்தே உலகெங்கும் சென்றன. எமது வினா வேறு. எழுத்தை எழுதிய இதயம் ஒருவருடையது. அவருக்கு அதிலே ஒரு வரியேனும் விளங்க வேண்டாமா? சோதிடர் எழுதித் தந்த சாதகக் குறிப்பில் இன்ன வீட்டில் இன்ன கிரகம் என்று விளக்கம் கேட்கத் தயங்காத நம் மக்கள், இந்தத் தாளை மட்டும் மடித்துக் கோப்புக்குள் வைத்துவிட்டு வாய்மூடி இருப்பது ஏன்? தமக்கு உரியதன்று என அவர்கள் பழகிவிட்டமையே காரணம்.

அறிவின் வேலி உடைந்தபோது உயிர்கள் பிழைத்த வரலாறு ஒன்றும் உண்டு. 1960களின் தொடக்கம்வரை மேலை நாடுகளிலும் இதயவரைபைப் படிப்பது வைத்தியரின் தனி உரிமையாக இருந்தது. மார்பை அழுத்தி இதயத்தை இயக்கும் முறை 1960இல் அமெரிக்காவிலே வெளியாயிற்று. மின்னதிர்ச்சியால் நடுக்கத்தை நிறுத்தும் கருவியும் அப்போது இருந்தது. ஆனால் நடுநிசியிலே இதயம் நடுங்கத் தொடங்கும்போது வைத்தியர் வீட்டில் இருப்பார். படுக்கையின் அருகே இருப்பவர் தாதி. 1962ஐ அடுத்து, பிலடெல்பியாவில் மெல்ற்சர் என்னும் வைத்தியரும் அவரைப் போன்றோரும் தாதியர்க்கு வரைபு படிக்கக் கற்பித்து, உடனே செயற்படும் அதிகாரத்தையும் கொடுத்தனர். அத்தகைய பிரிவுகளிலே மாரடைப்பு நோயாளரின் இறப்பு பெரிதும் குறைந்தது. கருவி புதிதாக வந்ததால் மட்டும் விளைந்த பயன் அன்று இது. எழுத்தைப் படிக்கத் தெரிந்தவரின் தொகை பெருகியதால் விளைந்த பயன். எம் மாமனின் தாளை எமக்கு விளக்கிய தாதி அந்த மாற்றத்தின் வாரிசு. அவர் அதைத் தமிழிலே விளக்கியபோது கிறீனின் வாரிசும் ஆனார். இரண்டையும் அவர் அறிந்திருக்கமாட்டார்.

நாம் செய்யக்கூடுவது என்ன?

எங்கள் பாடசாலையிலே இவ்வாண்டு ஒரு சிறு முயற்சியைத் தொடங்கினோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மணிக்கட்டிலே விரல் வைத்து நாடியை ஒரு நிமிடம் எண்ணக் கற்றார்கள். மாலையிலே வீட்டிலுள்ள முதியவர் ஒவ்வொருவரின் நாடியையும் எண்ணி, ஒழுங்கானதா அல்லவா எனக் குறித்துக்கொண்டு வந்தார்கள். 60க்குக் குறைந்ததெல்லாம் நோயன்று. உழைத்து உரமேறிய உடலிலும், உறக்கத்திலும், சில மருந்துகளாலும் அது குறையலாம். ஆனால் மயக்கத்தோடு சேர்ந்து குறைந்தாலோ, ஒழுங்கற்றுச் சிதறினாலோ வைத்தியரிடம் செல்ல வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். பின்னர்க் கட்டமிட்ட தாளிலே பீ, கியூ, ஆர், எஸ், ரீ வரைந்து, 300ஐ வகுக்கக் கொடுத்தோம். கணக்கு ஆசிரியரும் உயிரியல் ஆசிரியரும் தமிழ் ஆசிரியராகிய நாமும் ஒரே கரும்பலகையின் முன்னே நின்றது அன்றுதான்.

இன்னொன்றும் சொன்னோம். மார்பு இறுகி வியர்த்தாலோ, மயங்கி வீழ்ந்தாலோ, பித்தம், வாயு என்று பெயரிட்டுக்கொண்டிராமல் 1990 என்னும் இலக்கத்தை அழைக்க வேண்டும். நாடளாவிய இலவச அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் அது. 2018 முதல் வடமாகாணத்துக்கும் வந்துள்ளது. அந்த இலக்கத்தைக் கரும்பலகையில் எழுதியபோது நம் கை சற்றுத் தயங்கியது. வலிகாமம் வடக்கு மக்கள் வீடுவாசலை விட்டு ஓடிய ஆண்டும் 1990 அல்லவா? எங்கள் மூத்தோருக்கு அவ்வெண் அழிவின் பெயர். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது உதவியை அழைக்கும் எண்ணாக இருக்கட்டும்.

மானிப்பாயிலே ஒரு வகுப்பு மறைந்து நூறாண்டுக்கு மேலாயிற்று. அதனை அப்படியே மீட்பது நம் வேலையன்று. அந்த வகுப்பு நின்ற இடத்திலிருந்து நான்கு ஆண்டு தூரத்தை நடந்து முடிப்பதே நம் வேலை. சென்ற வாரம் ஒரு மாணவி தன் பாட்டனாரின் வரைபைக் கொண்டுவந்து, "சேர், இதிலை பீ எல்லாம் இருக்கு, ஆனால் கோபுரம் ஒண்டு விடுபட்டிருக்கு" என்றாள். அவள் சொன்னது சரி. மறுநாள் அவளும் அவள் தகப்பனாரும் பாட்டனாரை வைத்தியரிடம் அழைத்துச் சென்றனர்.